295ஆவது டிவிஷனும் பிலா செர்க்வா குழந்தைகளும்

மேகநாதன்:
இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ராணுவம் என்றாலே கொலைகாரர்கள் என்று எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. 295ஆவது காலாட்படை டிவிஷனைப் பாருங்கள். உக்ரைனைக் கடந்துபோய், ஸ்டாலின்கிராடின் மாமாயேவ் குன்றில் அடிபட்டு, 1943 தொடக்கத்தில் அழிந்துபோன படை. யூதர்களைக் கொன்றது நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ். ஆட்கள். அதைத் தடுக்கப் போராடியவரே இந்த டிவிஷனின் அதிகாரிதான், ஹெல்முத் க்ரோஸ்கூர்ட்.

தேன்மொழி:
க்ரோஸ்கூர்ட் பெயரை எடுத்தது நல்லது. கதையை முழுசாகச் சொல்லுங்கள். 1941 ஆகஸ்ட், கீவுக்குத் தெற்கே பிலா செர்க்வா. யூதப் பெற்றோரைச் சுட்டுவிட்டு, மிச்சமிருந்த சுமார் 90 குழந்தைகளை ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தை முதல் ஆறேழு வயதுவரை. டிவிஷனின் பாதிரியார் உள்ளே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்: குழந்தைகள் தங்கள் மலஜலத்திலேயே கிடந்தன, உடம்பெல்லாம் ஈ, கொஞ்சம் பெரியவை சுவரின் காரையைச் சுரண்டித் தின்றன. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தைகளைச் சுடுவதை க்ரோஸ்கூர்ட் ஆகஸ்ட் 20 அன்று தடுத்தார், உண்மை. விஷயம் மேலே போனது. முடித்துவிடச் சொன்னது யார்? இந்த டிவிஷன் அடங்கியிருந்த ஆறாவது ராணுவத்தின் தளபதி ரைஷனாவ். எஸ்.எஸ். இல்லை, ராணுவத்தின் ஃபீல்ட் மார்ஷல். 22ஆம் தேதி எல்லாரையும் சுட்டார்கள்.

மேகநாதன்:
ரைஷனாவ் ஊரறிந்த நாஜி. ஒருவரை வைத்து ஒரு படையையே எடைபோடலாமா? சுடுவதற்கு நின்றது டிவிஷன் சிப்பாய்கள் இல்லையே. ஒரு லெப்டினன்ட் கர்னல் ஃபீல்ட் மார்ஷலை எதிர்த்து எழுத்தில் அறிக்கை அனுப்புவது சின்ன விஷயமா? அதற்காகக் கண்டிக்கவும் பட்டார். ஹிட்லருக்கு எதிரான சதியில் 1939லேயே இருந்த மனிதர் அவர்.

கடலோடி:
ஒருவர் மட்டும் இல்லை நண்பரே. அந்த ஊரின் ராணுவ நிர்வாகி ரீடல், யூதப் பெண்களையும் குழந்தைகளையும் ஒழிப்பது அவசரத் தேவை என்றே வாதாடினார். சுடும் வேலையைப் பொறுப்பேற்று நடத்திய எஸ்.எஸ். அதிகாரி ஹெஃப்னர் பின்னால் கொடுத்த வாக்குமூலத்தைப் படியுங்கள்: குழியை ராணுவமே வெட்டி வைத்திருந்தது, குழந்தைகளை டிராக்டரில் கொண்டுவந்தார்கள், சுட்டவர்கள் உக்ரைனியக் காவல் ஆட்கள். இதில் ராணுவம் எங்கே வெளியே நிற்கிறது?

தேன்மொழி:
இன்னொன்று. க்ரோஸ்கூர்ட் அதே அறிக்கையில், குழந்தைகளையும் பெற்றோரோடு சேர்த்து அப்போதே முடித்திருக்க வேண்டும், இந்தச் சித்திரவதை நேர்ந்திருக்காது என்றும் எழுதினார். இதையும் வைத்துக்கொண்டுதான் அவரைப் பேச வேண்டும்.

மேகநாதன்:
அந்த வரி எனக்கும் தெரியும், நெஞ்சை அடைக்கிறது. ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் ரைஷனாவ். இரக்கம் என்று எழுதினால் குப்பைக்குப் போகும், ராணுவ ஒழுங்கு என்று எழுதினால் ஒருவேளை காதில் விழும். அப்படித்தான் நான் வாசிக்கிறேன். சரி, குழி விஷயம் எனக்குத் தெரியாது. ‘கொன்றது எஸ்.எஸ்.’ என்று ஒரே வரியில் முடித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். க்ரோஸ்கூர்ட் விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன். ஆறாவது ராணுவத்தில் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் போனார்கள். பாதிரியார்களைத் தவிர, எதிர்த்து அறிக்கை எழுதிய அதிகாரி அவர்தான்.

தேன்மொழி:
நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான், ராணுவத்தில் பலருக்குத் தெரிந்திருந்தும் எதிர்த்தவர் மிகச் சிலர் என்பதைத்தான், நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டின் அழுகை அக்கம்பக்கத்தில் தங்கியிருந்த சிப்பாய்களுக்கு இரவெல்லாம் கேட்டது. அவர்கள் போய்ப் பாதிரியார்களிடம் முறையிட்டதால்தான் க்ரோஸ்கூர்ட்டுக்கே விஷயம் தெரிந்தது.