சார்ஸ்ல பட்ட அடிதான் கோவிட்ல கை கொடுத்துச்சா?

தோபாயோ பையன்: அக்கா மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். 2020ல நம்ம சிங்கப்பூர் ஆஸ்பத்திரிங்க கோவிட்ட எப்படி சமாளிச்சுச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்ஷிப்ட்: தம்பி, 2003லேருந்து ஆரம்பிக்கணும். சார்ஸ்ங்கிற மூச்சு நோய் இங்க 238 பேருக்கு வந்துச்சு, 33 பேர் போயிட்டாங்க, அதுல ஆஸ்பத்திரி ஆளுங்களும் உண்டு. டான் டோக் செங் ஆஸ்பத்திரிய அதுக்குன்னே ஒதுக்குனாங்க. அந்த பயத்துலதான் மாஸ்க் ஸ்டாக், என்95 ஃபிட் டெஸ்ட், 2019ல திறந்த 330 படுக்கை தொற்றுநோய் மையம் என்சிஐடி எல்லாம் வந்துச்சு. ஆனா மனுஷ உடம்புக்கு ஏது ஸ்டாக்? கோவிட்ல பாதுகாப்பு கவுன் போட்டா தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, வீட்டுக்கு வந்தா பிள்ளைய தொட பயம், அம்மா எல்லைக்கு அந்தப்பக்கம் ஜொகூர் பாருல மாட்டிக்கிட்டாங்க, ரெண்டு வருஷம் வீடியோ கால்தான்.

செம்பவாங் அண்ணன்: லேசா இருந்தவங்கள எக்ஸ்போ கண்காட்சி ஹாலுக்கு அனுப்புனதாலதான் வார்டு தப்பிச்சுச்சு. வெளிநாட்டு தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரிதான் சறுக்கல், ஒரே ரூம்ல அத்தன பேர எப்படி தள்ளி வைக்கிறது? டாக்டர் டீம் உள்ளயே போச்சு, நான் போன்ல தமிழ்ல மொழிபெயர்த்தேன். பாதிப்பேர் கேட்டது "ஊருக்கு காசு அனுப்ப முடியுமாண்ணே"ன்னுதான்.

தோபாயோ பையன்: நன்றிக்கா, நன்றிண்ணே. ஃபிட் டெஸ்ட்னா என்னக்கா?

நைட்ஷிப்ட்: மாஸ்க் போட்டுவிட்டு கசப்பு ஸ்ப்ரே அடிப்பாங்க, கசந்தா காத்து கசியுதுன்னு அர்த்தம், வேற சைஸ் :)