மூன்று படம், மேலே ஒன்று கீழே இரண்டு: சப்பிளாட்ஸா, மொசைக்கா?

கேள்வி:
வணக்கம். பைத்தானில் வரைபடம் போடும் மேட்ப்ளாட்லிப்பில் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று என நாலு படத்தை 2×2 ஆகப் போட்டிருந்தேன், ஓடியது. காற்றை எடுத்துவிட்டு படங்களை அடுக்கும் கட்டளையை சப்பிளாட்ஸ்(1, 3), அதாவது ஒரு வரிசையில் மூன்று, என்று மாற்றியதும் முதல் படத்தை எடுக்கும் ஆக்சஸ்[0, 0] வரியில் 'டூ மெனி இண்டைசஸ்' (இட எண்கள் அதிகம்) என்று நின்றுவிடுகிறது. உண்மையில் மழை மேலே அகலமாக, மற்ற இரண்டும் கீழே வேண்டும். தேடினால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நாளை மறுநாள் ரிவ்யூ, உதவுங்கள்.

பதில் 1:
டேட்டாவில் தப்பு இல்லைங்க. ஒரே வரிசை கேட்டால் சப்பிளாட்ஸ் தரும் அரேயை (படங்களின் அடுக்கை) ஒற்றைப் பரிமாணமாகச் சுருக்கிவிடும். ஆக்சஸ்[0] என்றுதான் எடுக்கணும். (1, 1) கேட்டால் அரேயே வராது. ஸ்க்வீஸ்=ஃபால்ஸ் (சுருக்காதே) கொடுங்க, எப்போதும் இரட்டைப் பரிமாணம்தான். படங்களின் எண்ணிக்கை மாறும் லூப்பில் நான் இதை விடுவதே இல்லை. பழைய சப்பிளாட்(2, 2, 1) பக்கம் போகாதீங்க: அங்கே எண் 1-இல் தொடங்கும், அரேயில் 0-இல். இரண்டையும் கலந்தால் படம் இடம் மாறி உட்காரும்.

பதில் 2:
உங்களுக்கு வேண்டிய அமைப்புக்கு சப்பிளாட்_மொசைக் எடுங்க; மேட்ப்ளாட்லிப் 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஓர் எழுத்து ஒரு கட்டம், ';' அடுத்த வரிசை. "மம;வஈ" என்று கொடுத்தால் மேல் வரிசை முழுக்க மழை. நிரலைப் பார்த்தாலே படம் எப்படி வரும் என்று தெரியும், எனக்கு அதுதான் பெரிசு. மழைக்கு உயரம் கூட்ட ஹைட்_ரேஷியோஸ்=[2, 1]; 3.6-க்கு முந்தைய பதிப்பென்றால் அதை, கட்ட அமைப்பு விவரங்களை ஏற்கும் கிரிட்ஸ்பெக்_கேடபிள்யூ-க்குள் வையுங்க. தலைப்பும் லேபிளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்க லேஅவுட்='கன்ஸ்ட்ரெயின்ட்'.

கேட்டவர்:
நன்றி அண்ணா. வெப்பத்துக்கு 'வெ' என்று இருக்கட்டுமே என "மம;வெஈ" போட்டேன். வரிசைகள் ஒரே நீளத்தில் இல்லை என்று திட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் இரண்டும் இரண்டுதானே?

பதில் 2:
நம் கண்ணுக்கு 'வெ' ஓர் எழுத்து. பைத்தானுக்கு 'வ' ஒன்று, கொம்பு ஒன்று. அதனால் கீழ் வரிசை மூன்றாகிவிட்டது. வெறும் 'வ' போடுங்க. இல்லையென்றால் லிஸ்ட்டாக முழுச் சொல்லே கொடுக்கலாம்: [['மழை', 'மழை'], ['வெப்பம்', 'ஈரப்பதம்']]. பிறகு ஆக்சஸ்['மழை'] என்று எடுத்துக்கலாம்.

கேட்டவர்:
லிஸ்ட் வழி வந்துவிட்டது! மூன்றிலும் தேதி ஒன்றுதான் என்பதால் கிடை அச்சைப் பகிர ஷேர்எக்ஸ்=ட்ரூ கொடுத்தேன். மழைப் படத்தின் அடியில் தேதிகள் காணோம்.

பதில் 1:
அச்சைப் பகிர்ந்தால் மேல் வரிசையின் தேதி லேபிள்களை மறைத்துவிடும். மழை ஆக்சஸுக்கு மட்டும் டிக்_பேரம்ஸ்(லேபிள்பாட்டம்=ட்ரூ) கொடுங்க, திரும்ப வரும்.