எங்கட ஒழுங்கை விளக்கீட்டு வகுப்பு: வாட்ஸ்அப் குழு (கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிள்ளையள் ஊனோ போட்டால எல்ஈடி விளக்குச் செய்யினம்)

கஜன்: ரீச்சர், 60 எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கு முழு வெள்ளை விட்டால் தொடக்கம் வெள்ளையா எரியுது, கடைசிப் பக்கம் சிவப்படிக்குது. இடைக்கிட ஊனோ போட்டும் (விளக்கை ஆட்டுவிக்கிற சின்னக் கணினிப் பலகை) ரீஸ்ரார்ட் ஆகுது. ஸ்ட்ரிப் பழுதே?

தர்சினி ரீச்சர்: பழுதில்லை. பவர் எங்கயிருந்து குடுக்கிறாய்?

கஜன்: 5 வோல்ட் 2 அம்பியர் போன் சாச்சர். ஸ்ட்ரிப்பின்ர ஒரு நுனியில மட்டும் குடுத்திருக்கு.

சிவா மாமா: தம்பி, முதல்ல கணக்கைப் பார். உன்ர ஸ்ட்ரிப்பில இருக்கிற டபிள்யூஎஸ்2812பி எண்ட எல்ஈடி ஒண்டுக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு சின்ன எல்ஈடி. முழுசா எரிஞ்சால் ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட 20 மில்லிஅம்பியர் இழுக்கும், மூண்டும் சேர்ந்து 60. அப்பிடி 60 எல்ஈடிக்கு 3.6 அம்பியர். உன்ர சாச்சர் தாறது 2. வோல்ட் விழும், போட் ரீஸ்ரார்ட் ஆகும்.

சிவா மாமா: சிவப்படிக்கிறதுக்குக் காரணம் இது. சிவப்பு எரிய 2 வோல்ட் அளவில போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் கிட்ட வேணும். ஸ்ட்ரிப்பில ஓடுற செப்புப் பாதை மெல்லிசு. தூரம் போகப் போக வோல்ட் இறங்க, நீலமும் பச்சையும் முந்தி மங்கும், சிவப்பு மட்டும் நிண்டு எரியும்.

தர்சினி ரீச்சர்: இரண்டு வேலை செய் கஜன். புறோகிராமின்ர செற்றப்பில பிறைற்னஸை 80க்கு இறக்கு, முழு அளவு 255இல 80 எண்டால் 1.1 அம்பியர் அளவுதான் போகும். பிறகு 5 வோல்ட்டையும் கிறவுண்டையும் தடிச்ச வயரால மற்ற நுனிக்கும் கொண்டுபோய்க் குடு. டேற்றா வயர் ஒரு பக்கம் மட்டும்தான், அம்புக்குறி தொடங்கிற பக்கம்.

சிவா மாமா: எரியவிட்டுக்கொண்டே கடைசி நுனியில மல்ரிமீற்றர் வைச்சுப் பார். எரியாமல் அளந்தால் 5 தான் காட்டும், அதில பிரயோசனம் இல்லை.

யாழினி: ரீச்சர், என்ர பனையோலை விளக்குக் கூடு 24 எல்ஈடி. எனக்கும் பிறைற்னஸ் இறக்க வேணுமே? மூச்சு விடுற மாதிரிச் செய்தனான், ஆனால் துடிக்கிற மாதிரி இருக்கு. இருட்டில இருந்து படக்கெண்டு ஏறுது, மேல போனாப் பிறகு மாற்றமே தெரியேல்லை.

தர்சினி ரீச்சர்: நல்ல கேள்வி பிள்ளை. முதல் பகுதி: உனக்கு இறக்கத் தேவையில்லை. 24 எல்ஈடி முழு வெள்ளையில கூட 1.44 அம்பியர்தான். பிறைற்னஸ் கட்டளையை லூப்புக்குள்ள திரும்பத் திரும்பக் கூப்பிடவே வேண்டாம். அது நினைவில கிடக்கிற நிறத்தையே குறைச்சு எழுதும். ஒருக்கா இறங்கினால் பழைய நிறம் சரியாத் திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் நிறத்தை நீயே புதுசாக் கணக்கிட்டுப் போடு.

தர்சினி ரீச்சர்: இரண்டாவது, எங்கட கண். இருட்டில சின்ன மாற்றமும் பெரிசாத் தெரியும், வெளிச்சத்தில பெரிய மாற்றமும் தெரியாது. 0இலிருந்து 50 பெரிய பாய்ச்சல், 200இலிருந்து 255 ஒண்டும் இல்லாத மாதிரி. அதுக்குத்தான் இந்த எல்ஈடியளை ஓட்டுற நியோபிக்சல் லைப்ரரியில, அளவைக் கண்ணுக்கு ஏத்தமாதிரி மாத்துற காமா8 எண்டு ஒரு பங்சன் இருக்கு. உன்ர அளவை அதுக்குள்ளால விட்டு எடு. 20க்குக் கீழ எது குடுத்தாலும் அது 0 ஆக்கிப்போடும், அதால மூச்சின்ர அடியை 40இல வை. 40 குடுத்தால் 2 வரும், தணல் மாதிரி நிக்கும்.

யாழினி: நிறம் என்ன வைக்கிறது? நீலம் வைச்சால் ஓலைக்குள்ளால ஊத்தைப் பச்சை மாதிரி வருது.

தர்சினி ரீச்சர்: ஓலை மஞ்சள் எல்லோ, நீலத்தைக் குடிச்சுப்போடும். சிவப்பு 255, பச்சை 140, நீலம் 40 வைச்சுப் பார். அளவு கீழ இறங்கேக்கை நீலம் தானா 0க்குப் போகும், சிவப்பு 2, பச்சை 1 மட்டும் மிஞ்சும். சிட்டி விளக்கு (சின்ன மண் அகல்) நூரேக்கை திரியில நிக்கிற நிறம் அதுதான். அதை நீ தனியா எழுதத் தேவையில்லை, கணக்கே தரும்.

தர்சினி ரீச்சர்: வேகத்தையும் பார். ஆறுதலா இருக்கிற ஆள் நிமிசத்துக்கு 12 தொடக்கம் 20 தரம் மூச்சு விடும். ஒரு சுற்று 4 செக்கன் எண்டால் 15 தரம். ஏறுறதுக்கு 1.6, இறங்குறதுக்கு 2.4 செக்கன் வை. இரண்டும் சமனா இருந்தால் அது மெசின், இறக்கம் நீண்டால்தான் மூச்சு. புறோகிராமை நிப்பாட்டி வைக்கிற டிலேயை விட்டிட்டு, போன நேரத்தைச் சொல்லுற மில்லிஸை வைச்சு எழுது, டிலே ஓடுற நேரம் சென்சரை வாசிக்கேலாது.

பவி அக்கா: ரீச்சர், நான் ஆதவன்ர அம்மா. அவன்ர விளக்கு பொழுதுபட்டவுடன பத்துது, உடன நூருது, திரும்பப் பத்துது. பகலில ஒரு கரைச்சலும் இல்லை.

தர்சினி ரீச்சர்: அக்கா, எல்டிஆர் (வெளிச்சத்தை உணருற சென்சர்) எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கு?

ஆதவன்: கூட்டுக்குள்ள, எல்ஈடிக்குப் பக்கத்தில ரீச்சர்.

சிவா மாமா: அதுதான் விசயம். விளக்கு தன்ர வெளிச்சத்தைத் தானே பார்க்குது. பத்தினவுடன பகல் எண்டு நினைச்சு நூரும், நூர்ந்தவுடன இரவு எண்டு நினைச்சுப் பத்தும். எல்டிஆரை வெளியால எடுத்து வானத்தைப் பார்க்க வை. கறுப்பு ரேப் சுத்தின உறிஞ்சுகுழாய்த் துண்டு ஒரு 3 சென்ரிமீற்றர் அதுக்கு மேல போடு.

தர்சினி ரீச்சர்: புறோகிராமிலயும் ஒரே எல்லை வைக்காதை ஆதவன். எல்டிஆர் 5 வோல்ட் பக்கம், 10 கிலோஓம் கிறவுண்ட் பக்கம், நடுவில ஊனோவின்ர ஏ0 கால். இப்பிடிக் கட்டினால் வெளிச்சம் கூடக் கூட வாசிப்பும் கூடும். 300க்குக் கீழ வந்தால் பத்தட்டும், 400க்கு மேல போனால் மட்டும் நூரட்டும். உன்ர முற்றத்தில பொழுதுபடேக்கை கணினியில வாற சீரியல் மொனிற்றரில என்ன இலக்கம் வருது எண்டு பார்த்து இரண்டையும் மாத்து.

யாழினி: ஆள் கிட்ட வந்தால் மூச்சு மெதுவாக வேணும் எண்டு தூரம் அளக்கிற அல்ட்ராசொனிக் சென்சர் போட்டனான். மூச்சு இடையில இடையில தடக்குது.

தர்சினி ரீச்சர்: எதிரொலி நேரத்தை அளக்கிற பல்ஸ்இன் கட்டளைக்கு நேர எல்லை குடுக்காட்டில், எதிரொலி வருமட்டும் 1 செக்கன் வரைக்கும் அங்கயே நிக்கும். எல்லையை 12000 மைக்ரோசெக்கன் ஆக்கு. 58ஆல பிரிச்சால் சென்ரிமீற்றர், அதாவது 2 மீற்றர் அளவு, உனக்குக் காணும். அப்பவும் 12 மில்லிசெக்கன் நிக்கும், அதால செக்கனுக்கு 10 தரத்துக்கு மேல வாசிக்காதை. வாசிப்பு துள்ளும், அதுக்குப் பழைய அளவில 9 பங்கு, புது அளவில 1 பங்கு கலந்து எடு. எல்லை தாண்டினால் 0 வரும், அந்த 0ஐக் கலவைக்குள்ள விடாதை, ஆள் வந்து முட்டினமாதிரி ஆகிப்போடும்.

பவி அக்கா: இதைக் கேட்டிலயும் மதிலிலயும் கட்டுறதெண்டால் பிள்ளையளுக்குக் கறண்ட் அடிக்காதே?

சிவா மாமா: 5 வோல்ட் அடிக்காது தங்கச்சி. பயம் 230 பக்கம்தான். கார்த்திகை எண்டால் மாரி மழை. சாச்சரும் பிளக்கும் வீட்டுக்குள்ளயே இருக்க வேணும், வெளியால 5 வோல்ட் வயர் மட்டும் போகட்டும். 5 மீற்றர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் எண்டால், 1.1 அம்பியருக்கு கால் வோல்ட் அளவுதான் விழும். சோதிக்கேக்கை பாவிக்கிற மெல்லிய ஜம்பர் வயரை நீட்டினால் 1 வோல்ட்டுக்கு மேலயும் போயிடும்.

சிவா மாமா: போட்டை ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள வை. வயர் போற ஓட்டையைக் கீழ்ப்பக்கம் போடு, வயரை ஒருக்காக் கீழ தொங்க வளைச்சு மேல எடு. மழைத்தண்ணி வளைவில சொட்டி விழும், உள்ள ஏறாது.

கஜன்: மாமா, இரண்டு பக்கமும் குடுத்து 80இல விட்டனான். கடைசி நுனியில 4.8. வெள்ளை ஒரே மாதிரி இருக்கு. ஆனால் முதல் எல்ஈடி மட்டும் இடைக்கிட பச்சையா மின்னுது.

தர்சினி ரீச்சர்: டேற்றா வயரில றெசிஸ்ரர் போட்டனியே?

கஜன்: இல்லை ரீச்சர்.

தர்சினி ரீச்சர்: 330 ஓம் ஒண்டு, செம்மஞ்சள் செம்மஞ்சள் மண்ணிறம். ஸ்ட்ரிப்பின்ர டிஇன்னுக்கு (டேற்றா உள்ள போற இடம்) கிட்ட வை, போட் பக்கம் வேண்டாம். பவர் வயருக்குக் குறுக்கால 1000 மைக்ரோபராட் கப்பாசிற்றர், வெள்ளைக் கோடு உள்ள கால் கிறவுண்டுக்கு. மாறிப் போட்டால் வெடிக்கும். ஊனோவின்ர கிறவுண்டும் சாச்சரின்ர கிறவுண்டும் சேர்ந்திருக்கோணும், சேராட்டில் டேற்றாவுக்கு அளவுகோலே இல்லை, கண்டபடி நிறம் வரும்.

தர்சினி ரீச்சர்: இன்னொண்டு கஜன். வானவில் ஓட விட்டிருக்கிறாய், அது ஒரு சேதியும் சொல்லேல்லை. உன்ர ஸ்ட்ரிப் மதிலில போறது, றோட்டால போற ஆள் அதைக் கண்டு என்ன உணர வேணும் எண்டு ஒரு வசனம் எழுதி நாளைக்குக் கொண்டு வா. பிறகு புறோகிராமைத் திறப்பம்.

கஜன்: காத்து வந்தால் சாயிற சிட்டி வரிசை மாதிரிச் செய்யலாமே ரீச்சர்?

தர்சினி ரீச்சர்: நல்லது. அப்ப ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனித்தனி றண்டம் போடாதை, அது பழுதான ரியூப்லைற் மாதிரித் துடிக்கும். சிட்டி கனநேரம் அசையாமல் நிக்கும். காத்து வந்தால் ஒரு நுனியில தொடங்கி அடுத்தடுத்ததா மங்கி, பிந்தி நிமிரும். ஒவ்வொரு விளக்குக்கும் 60 மில்லிசெக்கன் பிந்த வைச்சுத் தொடங்கு.