புதுப்பிப்பு: லெவிதான் நகல், மேகம் வரை வந்தாச்சு

ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிதான் 1894-இல் வரைந்த ‘நிரந்தர அமைதியின் மேல்’ படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுகிறேன், அடிப்பூச்சுக்கு எந்த நிறம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன பர்ன்ட் அம்பரையே (கரும்பழுப்பு மண் நிறம்) டர்பன்டைனில் கரைத்துப் பூசினேன். அதிலுள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலர்த்துகிறது. பாளையங்கோட்டையின் ஐப்பசி ஈரத்திலும் மறுநாளே மேலே தொடர முடிந்தது. லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை அடுத்தடுத்த பூச்சுகளில்தான் கூட்டுகிறேன், இல்லையென்றால் பின்னால் பூச்சில் விரிசல் விழும்.

மேகம்தான் பாடாய்ப் படுத்துகிறது. மூலம் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம், என்னுடையது இரண்டடி. அந்தக் கனம் எங்கே வரும்! கறுப்பை விட்டுவிட்டு அல்ட்ராமரைன் நீலத்தில் அம்பர் கலந்தபின் சாம்பல் நிறம் பரவாயில்லை. படத்திலுள்ள சர்ச்சின் ஜன்னல் வெளிச்சத்தை இன்னும் தொடவில்லை. அப்புறம், வார்னிஷ் பற்றிக் கேட்டவர்களுக்கு: பங்குனிக்குப் பிறகுதான்.