மிதி இயந்திரத்தில் அடிப்பக்கம் நூல் வளையமாக விழுகிறது. எந்த ஆடையில் தொடங்குவது?

கேள்வி – புதிய தையலாளி

வணக்கம். என் மாமியார் பல ஆண்டுகள் பயன்படுத்திய மிதி தையல் இயந்திரம் இப்போது என்னிடம் உள்ளது. உள்பாவாடை, குழந்தைக்கான கவுன் முதலியவற்றை வீட்டிலேயே தைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஆனால் மேல்பக்கம் தையல் சீராக இருந்தாலும், துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் திருகை இறுக்கியும் பயனில்லை. மிதிக்கத் தொடங்கும்போது சக்கரம் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுந்துவிடுகிறது. இவற்றைச் சரிசெய்யும் முறையையும், முதலில் எதைத் தைத்துப் பழகலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – தையல் ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். அடியில் வளையம் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். ஆகவே பாபின் கேஸின் திருகை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கிவைத்துத்தான் மேல்நூலைக் கோர்க்க வேண்டும். அப்போதுதான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். பாதத்தை இறக்கிவைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கிடையே சரியாக அமராமல், பிடிப்பின்றித் தளர்வாக ஓடி அடியில் சேர்ந்துவிடும். கோர்த்து முடித்துப் பாதத்தை இறக்கியபின் நூலை இழுத்துப் பாருங்கள். கைக்குத் தெளிவான பிடிப்புத் தெரிய வேண்டும். ஊசியில் நீளமான பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூலைக் காதில் நுழைக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். வாயில் (voile) என்னும் மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசியும், பாப்ளின் போன்ற பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசியும் பொருந்தும்.

மிதிப்பதைத் தனியாகப் பழகுவதே நல்லது. நூலை எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்து, வலக்கையால் மேல்சக்கரத்தை உங்களை நோக்கிச் சுழற்றிவிடுங்கள். அந்த ஓட்டம் தொடங்கியபின் கால்கள் அதனுடன் சேர்ந்துகொள்ள வேண்டும். கால் முந்தினால்தான் சக்கரம் பின்னோக்கிப் போகிறது. நினைத்த இடத்தில் நிறுத்தவும் மெதுவாக ஓட்டவும் வந்தபின், கோடு போட்ட நோட்டுத் தாளில் நூலில்லாமல் கோட்டின்மீதே ஓட்டிப் பாருங்கள். துளைகள் கோட்டை விட்டு விலகுவது உடனே கண்ணுக்குத் தெரியும். மூலையில் திரும்பும்போது ஊசி கீழே இறங்கியிருக்க வேண்டும். துணியில் தைக்கத் தொடங்குகையில் மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் முதல் தையல்களில் சிக்கு விழாது.

பதில் – வீட்டுத் தையல்

முதல் ஆடையாக உள்பாவாடையையே நான் பரிந்துரைக்கிறேன். அதில் பெரும்பாலும் நேர்த்தையல். இடுப்பில் நாடா இருப்பதால் அளவு சற்று முன்பின்னானாலும் அணிந்துகொள்ளலாம். ரவிக்கைக்கு அவசரப்பட வேண்டாம். டாட் பிடிப்பது (உடல் வடிவுக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது), கழுத்து வளைவைத் திருப்புவது, கையை ஏற்றுவது என மூன்று கடினமான வேலைகள் அதில் ஒன்றாக வந்து, நல்ல துணியும் ஊக்கமும் சேர்ந்து வீணாகிவிடும். பருத்தித் துணியை வெட்டுமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கி, நீளம் குறையும். ஆறு பீஸ் பாவாடையில் சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும் தன்மையுடையது. ஆகவே இயன்றவரை ஒரு பீஸின் நேர் ஓரத்தையும் அடுத்த பீஸின் சாய்ந்த ஓரத்தையும் இணைத்துத் தைத்தால் பாவாடை ஒரு பக்கம் தொங்காது.

பதில் – மிஷின் பழுதுபார்ப்பவர்

நெடுநாள் ஓடாத இயந்திரமாக இருந்தால், தைக்கத் தொடங்கும் முன் பாபின் கேஸைக் கழற்றி, அங்கும் துணியை நகர்த்தும் பற்களுக்கிடையிலும் அடைந்திருக்கும் பஞ்சையும் நூல் துணுக்குகளையும் சிறு தூரிகையால் அகற்றுங்கள். எண்ணெய்த் துளைகளில் தையல் இயந்திர எண்ணெயை ஒவ்வொரு துளி விட்டு, பழைய துணியில் சற்று நேரம் ஓட்டி, மிகுந்த எண்ணெய் வெளியேறியபின் புதுத் துணியை வையுங்கள். தேங்காய் எண்ணெயை ஒருபோதும் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாக இறுகி, சக்கரத்தையே சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும்.