7 வயது மகளுக்கு முதல் வாத்தியம்: வீணையா, வயலினா, கீபோர்டா?

கேள்வி (திருச்சி வாசகி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 7 வயது ஆகிறது. ஓராண்டாகக் கர்நாடக வாய்ப்பாட்டு கற்று, தொடக்கப் பாடங்களான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் ஸ்ருதி விலகாமல் பாடுகிறாள். இப்போது ஒரு வாத்தியமும் கற்க வேண்டும் என்று அவளே கேட்கிறாள். என் மாமியார் வாசித்த தஞ்சாவூர் வீணை வீட்டில் இருப்பதால் அதிலேயே தொடங்கலாம் என்பது அவருடைய விருப்பம். கணவரோ, கீபோர்டு எளிது, பிடிக்காமல் போனாலும் இழப்பு குறைவு என்கிறார். மகள் கேட்பது வயலின். அவளுடைய கைக்கும் வயதுக்கும் எது பொருந்தும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (வயலின் ஆசிரியை)

வணக்கம். தயங்காமல் வயலினில் சேர்த்துவிடுங்கள். வயலினில், வீணையில் இருப்பதுபோல் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுகள் (தந்திக்கு அடியில் பதித்த குறுக்குக் கட்டைகள்) கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஸ்ருதி சேர்ந்து பாடும் குழந்தைக்கு அந்தக் காது ஏற்கெனவே அமைந்துவிட்டது. மேலும், சிறிய உடம்புக்கென்றே 1/8, 1/4, 1/2, 3/4 என்று படிப்படியான அளவுகளில் வயலின் கிடைக்கிறது.

7 வயதில் பெரும்பாலும் 1/4 அளவோ 1/2 அளவோ பொருந்தும். ஆனால் வயதை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். குழந்தையைக் கடைக்கு அழைத்துச் சென்று, நாம் வாசிக்கும் முறையிலேயே சம்மணமிட்டு உட்கார வைத்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலின் மேலும் மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் இடையிலும் சாய்த்துப் பாருங்கள். முழங்கை இயல்பாக மடங்கியிருக்கும்போதே விரல்கள் சுருள் தலைப் பக்கமுள்ள தந்தி முனையை எட்ட வேண்டும். கையை விறைப்பாக நீட்டினால்தான் எட்டுகிறது என்றால் அந்த வயலின் அவளுக்குப் பெரிது. எப்படியும் வளர்ந்துவிடுவாள் என்று பெரிய அளவாக வாங்கித் தரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். விரல் தந்தியின் மேல் வழுக்கிச் சென்று கமகம் (ஸ்வரத்தின் அசைவு) பேச வேண்டிய நம் இசையில், தொடக்கத்திலேயே இறுகிவிட்ட கையைப் பிறகு இளக்குவது மிகவும் கடினம்.

முதல் சில மாதங்கள் வில் கீச்சிடும். ஸ-ப-ஸ-ப என்று ஸ்ருதி கூட்டிய நான்கு தந்திகளிலும், விரலே வைக்காமல், வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு பலகைக்கு) இணையாக நேராக இழுக்கப் பழகும் காலம் அது. அப்போது வீட்டில் யாரும் முகம் சுளிக்காதிருப்பது முக்கியம். இன்னொன்று: புது வில்லுக்கு ரோசின் என்னும் பிசின் கட்டியைத் தேய்க்காவிட்டால் ஒலியே எழாது, வாத்தியம் பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓடிவிடாதீர்கள்.

மறுமொழி (வீணை வாசிப்பவர்)

ஆசிரியை சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வீணையை ஒதுக்கிவிட வேண்டாம். 24 மெட்டுகளும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதால் வீணையில் முதல் நாளிலிருந்தே இனிய நாதம் கிடைக்கும். சிக்கல் உருவத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 4 அடி நீளமுள்ள வாத்தியத்தில், இடக்கையைத் தண்டிக்கு (மெட்டுகள் உள்ள நீண்ட பகுதிக்கு) அடியில் கொடுத்து, யாளி முகத்தின் பக்கமுள்ள மெட்டுகளை எட்ட 7 வயதுக் குழந்தை உடம்பையே சாய்க்க நேரும். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது பிஞ்சு விரலும் எரியும். சிறிய வீணைகளும் செய்து தருகிறார்கள் என்றாலும், வீட்டு வீணைக்காக 10 வயது வரை காத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

அதற்குள் அதைச் சோதித்துவிடுங்கள். முதன்மைத் தந்தியான சாரணியை விரல் வைக்காமல் மீட்டி, பிறகு 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் ஸட்ஜம் (மேல் ஸ) சுத்தமாகப் பேச வேண்டும். பேசாவிட்டால், மெட்டுகளைத் தாங்கும் மெழுகு விலகியிருக்கலாம். தேர்ந்த கைவினைஞரிடம் மேளம் கட்டித் தரச் சொல்லுங்கள், அதாவது மெட்டுகளை மெழுகில் சரியான இடத்தில் மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். பிசகிய மேளத்தில் பயிற்சி செய்தால் குழந்தையின் காது கெட்டுவிடும்.

மறுமொழி (ஒரு தந்தை)

மேற்கத்திய இசையோ திரையிசையோ கற்பதானால் கீபோர்டு நல்ல தொடக்கம்தான். விரலழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக்குறையும் 61 கட்டைகள் கொண்டதாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் உங்கள் மகள் கற்பது கர்நாடக இசை. நாளை தோடி ராகத்தின் காந்தாரத்தை (க ஸ்வரத்தை) அசைத்துப் பாடக் கற்கும்போது, அந்த அசைவு இரண்டு கட்டைகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். இழப்பைப் பற்றிக் கணவர் கவலைப்படுவது நியாயமே. அதற்குச் சிறிய வயலினை வாடகைக்கோ, வளர்ந்துவிட்ட மாணவர்களிடமிருந்தோ பெறலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் வாத்திய வகுப்பு உண்டா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வயலின் என்று முடிவாகிவிட்டது. வீணையை மேளம் கட்டி வைக்கலாம் என்றதும் மாமியாரும் மகிழ்ந்தார். வாய்ப்பாட்டை நிறுத்த வேண்டியிருக்குமா?

மறுமொழி (வயலின் ஆசிரியை)

நிறுத்தவே வேண்டாம். எந்த வரிசையையும் முதலில் பாடிவிட்டுப் பிறகு வாசிக்கட்டும். ஆனால் வயலினில் மீண்டும் சரளி வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். பாடி முடித்த பாடத்துக்கே திரும்புவதில்தான் குழந்தைகள் சோர்ந்துபோகிறார்கள்.