மார்பக இம்பிளான்ட்: சிலிக்கானா, உப்புநீரா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மல்லி, பிரிக்பீல்ட்ஸ்:
இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்தபோது என் மார்பு வற்றிப் போயிருந்தது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று அம்மா கேட்டார். எனக்காகத்தான்மா என்றேன். போன வருடம் கோலாலம்பூரில் மார்புக்குள் இம்பிளான்ட் (மார்பைப் பெரிதாக்க உள்ளே பொருத்தும் பை) வைத்துக்கொண்டேன். அப்போது இதையெல்லாம் தமிழில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் மூன்று வகை இம்பிளான்ட்டை மேசையில் வைத்து, தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புநீர் நிரப்பியதை அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புவது விரலுக்குத் தெரிந்தது. சிலிக்கான் ஜெல் அமுங்கி, மெதுவாகப் பழைய வடிவத்துக்கு வந்தது. மூன்றாவது நீர்த்துளி வடிவம். அதன் மேல்புறம் சொரசொரப்பாக இருந்தது. உள்ளே சுழன்றுவிடாமல் சதையைப் பற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார்களாம்.

எனக்கு ஆசை அந்த மூன்றாவதில்தான். ஆனால் இம்பிளான்ட்டைச் சுற்றி வரக்கூடிய அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று பெரும்பாலும் சொரசொரப்பு வகையோடுதான் சேர்ந்து வருகிறது. 2019 ஜூலையில் அலெர்கன் நிறுவனம் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதும் அதனால்தான். அபூர்வம்தான், ஆனாலும் ஒரு வடிவத்துக்காக அந்தக் கவலையைச் சுமக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஒல்லி. ஒல்லியானவர்களுக்கு உப்புநீர் வகையின் சுருக்கம் தோலுக்கு மேலேயே தெரியலாம் என்றார் டாக்டர். அதனால் வழுவழுப்பான உருண்டை சிலிக்கானுக்குச் சரி சொன்னேன். அதில் ஒரு சிக்கல், கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். ஐந்தாறு வருடத்தில் ஒரு எம்.ஆர்.ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ.யின் பரிந்துரை. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை வீட்டில்தான் முடிவு செய்தேன். அளவுக் கோப்பையில் அரிசி அளந்து, பழைய காலுறையில் கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். 350 மில்லி வைத்த அன்று துணி காயப்போடும்போதே தோள் வலித்தது. 275க்கு இறங்கிவிட்டேன்.

பட்டர்வொர்த் அக்கா:
நான் 2009ல் பினாங்கில் உப்புநீர்தான் வைத்தேன் தங்கச்சி. போன வருடம் ஒருநாள் காலையில் குளிக்கும்போது இடது பக்கம் தொய்ந்திருந்தது. இரண்டே நாளில் முழுக்கச் சப்பையாகிவிட்டது. பயந்து ஓடினேன். உப்புநீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆபத்தில்லை என்றார்கள். அந்த விஷயத்தில் எனக்கு உப்புநீர் மேல் இன்னும் மரியாதைதான். போனால் போனது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

என்னை அழவைத்தது வேறு. ஆபரேஷன் செய்த கிளினிக் இப்போது இல்லை. அன்றைக்கு என் கையில் எந்தச் சீட்டும் கொடுக்கவில்லை, கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. என்ன பிராண்ட், எத்தனை மில்லி என்று யாருக்கும் தெரியாததால் நன்றாக இருந்த வலது பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. வரிசை எண் போட்ட இம்பிளான்ட் கார்டைக் கையில் வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஆயுசுக்கும் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எந்த வகையும் அப்படி இல்லை.

செந்தூல் பெண்:
அக்கா, எனக்குத் தெரிந்த அழகு நிலையத்தில் ஆபரேஷனே வேண்டாம், ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். விலையும் குறைவு. போகலாமா?

பட்டர்வொர்த் அக்கா:
வேண்டாம்மா, தயவுசெய்து போகாதே. அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. சதைக்குள் பரவிவிட்டால் முழுசாக எடுக்கவும் முடியாது. ஆபரேஷனே செய்துகொண்டாலும், டாக்டரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜன் என்று இருக்கிறதா பார். இம்பிளான்ட் நம் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா என்றும் கேள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு.

மல்லி, பிரிக்பீல்ட்ஸ்:
அக்கா எழுதியதைப் படித்ததும் அலமாரியைத் திறந்து தேடினேன். கார்டு பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது, இடதுக்கு ஒரு ஸ்டிக்கர், வலதுக்கு ஒரு ஸ்டிக்கர். படம் எடுத்து என் தங்கைக்கும் அனுப்பி வைத்துவிட்டேன்.